படையலில் வைத்த ஆட்டம்

சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை: அதிகாலையில், வேலணையில் எங்கள் வீட்டில், என் மனைவி காலமானார்.

திங்கட்கிழமை: தகனம் நடைபெற்றது. இங்கிலாந்தில் வசிக்கும் எங்கள் ஒரே மகள் வரவில்லை. அவளது வதிவிட விண்ணப்பம் முடிவாகவில்லை. வெளியேறினால் திரும்பிச் செல்ல இயலாது.

புதன்கிழமை: இங்கிலாந்தில், ஸ்னூக்கர் பருவத்தின் கடைசித் தரவரிசைச் சுற்றுப்போட்டி ஆரம்பமானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை: எட்டுச் செலவு, அதாவது இறந்த எட்டாம் நாட் படையல். அப்போட்டியின் ஓர் ஆட்டம் எங்கள் வீட்டில், கதவு சாத்திய அறையொன்றினுள் ஒளிபரப்பாகி முடிந்தது. முடிவு எனக்குத் தெரியாது.

மேற்கூறியவை நடந்தவை. இவற்றுள் எது எதனால் நிகழ்ந்தது என்பதைத்தான் என்னால் ஒழுங்குபடுத்த முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் தருக்கவியல் கற்பித்தவன் நான்.

ஸ்னூக்கர் எங்கள் வீட்டுக்குள் வந்தது மகளின் முதலாவது குளிர்காலத்தில். அவள் வாடகைக்கிருந்த வீட்டின் தொலைக்காட்சியில் பச்சை மேசையொன்றில் பந்துகள் உருண்டுகொண்டிருந்தன. பேச ஒன்றுமில்லாத வேளையிலும் தொடர்பைத் துண்டிக்க மனமில்லாமல், தன் போனைத் திரைக்கு எதிரே நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தாள். இங்கே என் மனைவியும் பேசாமல் பார்த்தார். பின்னர் அது வழக்கமாயிற்று. மனைவி விதிகளை அறிந்துகொண்டார். நான் பக்கத்துக் கதிரையில் புத்தகத்துடன் அமர்ந்திருந்தேன்.

அவர் பின்தொடர்ந்தது ஓர் ஆட்டக்காரரை மட்டுமே. பெயரை உச்சரிக்க முயலாமல் "மெலிஞ்சவர்" என்றே சொல்வார். மெலிந்தவர் வெல்வது அரிது. தரவரிசையில் ஒரு கோடு இருக்கிறதாம்; பருவ முடிவில் அதற்குக் கீழே நிற்பவர் தொழில்முறை ஆட்டத்திலிருந்தே விலக வேண்டும். சென்ற மாதம் மெலிந்தவர் ஓர் ஆட்டத்தில் வென்றார். ஆயினும் தரவரிசையில் இறங்கினார். இரு வருடங்களுக்கு முந்திய வெற்றியொன்று கணக்கிலிருந்து கழிந்துவிட்டதென்று மனைவி விளக்கினார். வென்றவன் எப்படி இறங்கலாம் என்று கேட்டேன். "உங்களுக்கு விளங்காது, விடுங்கோ," என்றார்.

எட்டுச் செலவன்று பின்னேரம் மனைவியின் போன் ஒலித்தது. மகள் அந்த எண்ணுக்குத்தான் எடுத்திருந்தாள்.

"அப்பா, மெலிஞ்சவருக்கு இண்டைக்குக் கடைசி ஆட்டம். தோத்தா இனி விளையாட ஏலாது. நான் தனிய இருந்து பாக்கமாட்டன். அம்மான்ரை இடத்திலை நீங்கள் இருங்கோ."

இருக்கிறேன் என்றேன். குசினியில் படையலுக்குச் சமைத்துக்கொண்டிருந்த மைத்துனி வந்தார். மனைவியின் தங்கை, சடங்குகள் யாவும் அவர் பொறுப்பில் இருந்தன.

"அத்தான், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் செத்த வீட்டிலை படம் போடுறேல்லை."

"இது படமில்லை. விளையாட்டு."

"விளையாட்டெண்டா இன்னும் மோசம்."

"சின்னம்மா, அம்மாவுக்கு இது எவ்வளவு விருப்பமெண்டு தெரியுமோ?" என்றது போன்.

மைத்துனி என்னிடம் திரும்பினார். "அக்காவுக்கு விருப்பமோ?"

"ஓம்," என்றேன். "மெத்த விருப்பம்."

"அப்ப நாங்கள் பாக்கேலாது. அக்கா பாக்கலாம். இஞ்சை தாங்கோ."

இறந்தவருக்கு விருப்பமானவற்றைச் சமைத்து, அவரது படத்தின் முன் வாழையிலையில் படைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது எங்கள் வழக்கம். உரியவர் வந்து உண்டு போகும்வரை ஒருவரும் உள்ளே செல்லலாகாது. மைத்துனியின் வாதத்தில் நான் குறை தேடினேன். காண முடியவில்லை.

வடைக்கும் பயித்தம் பணியாரத்துக்கும் நடுவே, செம்பில் சாய்த்து, போன் படத்தை நோக்கி வைக்கப்பட்டது. "எண்ணெய் படாமல் வையுங்கோ அத்தான், பிறகு அக்கா என்னைத்தான் ஏசுவா," என்றார். அவ்வேளை போனில் தெரிந்த ஆட்டத்தில் ஆட்டக்காரர் இருவரும் சமநிலையில் நின்றனர். எஞ்சிய ஒரு சுற்றே தீர்ப்பு. நாங்கள் உள்ளே இருக்கமாட்டோமென்று மகளிடம் சொல்லி விடைபெற நினைப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது.

வெளியே விறாந்தையில் நின்றோம். உள்ளே பந்தோடு பந்து மோதும் ஓசை கேட்டது. நீண்ட அமைதி. பந்து குழியில் விழுந்தது போன்ற ஒலி. மீண்டும் அமைதி. யாரோ இருமினார், அது இங்கிலாந்திலா, மகளின் வீட்டிலா என்று தெரியவில்லை. பின்னர் கைதட்டல் எழுந்து வெகுநேரம் நீடித்தது. வென்றவருக்கும் தட்டுவார்கள், விலகிச் செல்பவருக்கும் தட்டுவார்கள். மனைவி சொல்லியிருக்கிறார்.

கைதட்டல் அடங்கியதும் மகளின் குரல் கேட்டது.

"பிள்ளை அழுகிறாளோ, சிரிக்கிறாளோ?" என்றார் மைத்துனி.

"தெரியேல்லை."

"படிச்ச மனிசன், இதுவும் தெரியேல்லையோ?"

குரல் தணிந்து பேச்சாயிற்று. சொற்கள் பிரியவில்லை. தகனத்துக்கு வராத என் மகள் தாயின் படத்துக்கு முன்னே தனியே பேசிக்கொண்டிருந்தாள். கதவில் கை வைத்தேன். மைத்துனி என்னைத் தடுக்கவில்லை. நானே கையை எடுத்தேன்.

பேச்சு நின்று சிறிது நேரம் கழித்துக் கதவைத் திறந்தோம். படையலில் வைத்த பால் தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. போனில் மின்னேற்றம் தீர்ந்து திரை கறுத்திருந்தது.

அன்றிரவு மகள் என் எண்ணுக்கு எடுத்தாள். "அம்மாட்டைச் சொல்லிட்டன், அப்பா."

"நல்லது," என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. முடிவை இன்று எவரும் நொடியில் அறிந்துகொள்ளலாம். அறியாமல் இருப்பதற்குரிய காரணத்தை எழுத உட்கார்ந்தேன், காரணம் கிடைக்கவில்லை. மனைவிக்குச் சொல்லப்பட்டதை நானும் கேட்டுவிட்டால், அது வெறும் ஆட்ட முடிவாகிவிடும் என்று ஒருகால் அஞ்சுகிறேன். அதுவும் நிச்சயமில்லை.

இன்னும் செய்யாதிருப்பவை:

அந்தியேட்டிக்கு ஐயரிடம் சொல்வது.

மனைவியின் போனுக்கு மின்னேற்றுவது.

ஸ்னூக்கரில் குழியில் விழும் நிறப்பந்துகள் எதுவரை மேசைக்குத் திரும்ப வைக்கப்படும், எப்போது முதல் வைக்கப்படமாட்டா என்பதை விளங்கிக்கொள்வது.

மகளிடம் கேட்பது.