ஒரு தீவை அச்சடிச்ச கிழமை

பிறிண்டிங் கடையிலை நிக்கிறவனுக்கு மற்றவையின்ரை நாடெல்லாம் ஏ-நாலு தாளிலைதான் வந்து சேரும். கவுண்டருக்குப் பின்னாலை நிண்டு காலம் தள்ளுற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

எவ்வளவு பெரிசு?

திங்கட்கிழமை பாரிஸ் லா சப்பலிலை இருக்கிற எங்கட கடைக்கு மதாம் ஓதெத் வந்தா. இன்னும் பிரான்சுக்குக் கீழை இருக்கிற மார்த்தினிக் தீவுப் பொம்பிளை, தாதியா இருந்து பென்சன் எடுத்தவ. பாரிசுக்கு வெளியிலை வில்லியே லே பெல்லிலை இருந்துகொண்டு கறுப்பர் விடுதலைக்கெண்டு ஒரு சின்ன இதழ் நடத்திறா. இந்தமுறை தீவிலை இருக்கிற ஒரு கவிஞருக்குச் சிறப்பிதழ், முந்நூறு பிரதி. பின்னட்டைக்குத் தீவின்ரை வரைபடம் வேணுமாம். வைச்சன். "இன்னும் பெரிசா" எண்டா. பெருப்பிச்சன். "இன்னும்." "மதாம், இதுக்கு மேலை போனா கடலுக்கு இடமில்லை" எண்டன். கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் கேட்டா: "நீங்கள் உங்கட நாட்டைச் சின்னனாவோ கீறுவியள்?"

அந்த மனுசன்

பிழை திருத்தேக்கை கவிதையளை வாசிச்சன். இரவுப் பள்ளிக்கூடத்திலை நான் படிச்ச பிரெஞ்சு பிரெபெக்தூர் விசாப் படிவத்துக்குக் காணும், கவிதைக்குக் காணாது. எண்டாலும் ஒரு வரி பிடிபட்டுது: சீனி அவைக்கு, கரும்பு வெட்டின காயம் எங்களுக்கு.

ஆர் இந்த ஆள் எண்டு கேட்டன். அந்தக் காலம் இரண்டு பேரும் பாரிசிலை ஒரே இயக்கமாம். கறுப்பர் எண்டு சொல்ல வெக்கப்படாதேங்கோ எண்டு மெத்ரோ வாசலுகளிலை நோட்டீஸ் குடுத்தவையாம். தீவு தனிநாடாகப் போகுது எண்டு அவர் திரும்பிப் போட்டார். இவ தாதி வேலை இருந்தபடியாலை இஞ்சையே நிண்டிட்டா. இப்ப அவருக்குக் கடும் வருத்தம். உயிரோடை இருக்கேக்கை புத்தகத்தைக் கையிலை குடுக்கவேணும் எண்டு சனிக்கிழமை பிளேனுக்கு ரிக்கெற் எடுத்திருக்கிறா. "இவ்வளவு வருசமா ஏன் போகேல்லை?" எண்டு வாய்தவறிக் கேட்டிட்டன். "நாடு வந்த பிறகு வாறன் எண்டு சொல்லிப்போட்டன், முசியே. அது இன்னும் வரேல்லை."

குத்துவிளக்கு

அட்டை செய்தது கடையிலை டிசைன் பாக்கிற எங்கட சிவமண்ணை. எங்கட சனம் வயசான ஆளின்ரை கறுப்பு வெள்ளைப் படம் கொண்டுவந்தா அது செத்தவீட்டு முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குத்தான். அண்ணையின்ரை கை பழக்கத்திலை வேலை செய்திட்டுது. நானும் பாக்காமல் விட்டிட்டன். வெள்ளிக்கிழமை காலமை மதாம் பெட்டியைத் திறந்தா, கவிஞருக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, சுத்திவரப் பூமாலை. "வடிவாயிருக்கே, இது என்னத்துக்கு?" எண்டா. பொய் சொல்ல வரேல்லை, எங்கட ஆக்கள் இதைச் செத்தவைக்குத்தான் போடுறது எண்டு விளங்கப்படுத்தினன். அப்பிடியே கதிரையிலை இருந்திட்டா.

அண்ணை முந்நூறு அட்டையையும் உரிச்செடுத்து, சாப்பாட்டுக்கும் போகாமல் புதிசா அடிச்சு ஒட்டினார். பின்னேரம் பெட்டியைக் குடுக்கேக்கை, அவவுக்கு விளங்குமோ விளங்காதோ எண்டு பாக்காமல் தமிழிலையே சொன்னார்: "குறை நினைக்காதேங்கோ அக்கா, மனுசன் நீங்கள் போகுமட்டும் இருப்பார்."

கையிலை

ஒரு மாதத்தாலை மதாம் கறுப்புச் சட்டையோடை வந்தா. கவிஞர் செத்துப்போனாராம். ஆனா இவ போகேக்கை முழிப்பாத்தான் இருந்தவராம். புத்தகத்தை வாங்கி, ஒருக்கா மணந்துபாத்து, கட்டிலோரம் வைச்சாராம். இயக்கம், கொடி, கவிதை ஒண்டும் கதைக்கேல்லையாம். கட்டிலைத் தட்டிக் காட்டிச் சொன்னது இவ்வளவுதானாம்: "அதைப் பிறகு வாசிக்கலாம், நீ முதல் இதிலை இரு."

இருபது வருசமா எல்லாற்றை விடுதலையையும் சொன்ன தவணைக்கு அடிச்சுக் குடுக்கிறன், என்ரையதுக்குத்தான் இன்னும் ஓடர் வரேல்லை.