கொடி அசையாத காலை

ஹைதராபாத்தில் இளவேனில் என்பது மொத்தமாகவே மூன்று வாரம்தான். பிப்ரவரி முடிகிற சமயத்தில் ஒருநாள் காலையில் போர்வையை உதறிவிட்டு எழுகிறோம், அன்று ஆரம்பிக்கிறது. நெக்லஸ் ரோடு ஓரத்தில் எனக்குப் பெயர் தெரியாத மரங்கள் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். போவன்பள்ளி சந்தையிலிருந்து வரும் காய்கறி வண்டியில் முதல் மாங்காய் தலைகாட்டும். உகாதிக்குள் வெயில் வந்து எல்லாவற்றையும் முடித்து வைத்துவிடும். இந்த மூன்று வாரத்தில் ஹுசைன் சாகர் ஏரியின் மேல் வீசுகிற காற்றுக்கு இணையாக எனக்குப் பிடித்தது எதுவும் இல்லை.

ஒழுங்கான காற்று என்று அதைச் சொல்ல முடியாது. விடிந்ததும் கொஞ்சம் வரும். எட்டு மணிக்குள் செத்துப்போகும். பத்து, பதினொன்றுக்குத் தரை சூடானதும் மறுபடி எழும், எந்தப் பக்கத்திலிருந்து என்று யாருக்கும் தெரியாது. மழைக்காலத்துக் காற்று முரடு, ஆனால் அதன் குணம் நமக்குப் பிடிபட்டுவிடும். இளவேனில் காற்று மத்தியானத் தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆள் மாதிரி, தன் இஷ்டத்துக்குத் திரும்பும். அந்த நேரத்தில் படகில் இருந்தால் நாமும் பாதித் தூக்கத்தில்தான் இருப்போம்.

நாங்கள் திருச்சியிலிருந்து இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. என் கணவருக்கு ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. மாத்திரை எத்தனை நிமிடத்தில் கரைகிறது, அழுத்தினால் எப்போது உடைகிறது என்று அளந்து அளந்து எழுதுவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் ரசம் கொதிக்க வைத்தால் மணியைப் பார்க்கிறவர் அவர்.

நாலு வருடத்துக்கு முன்னால் பெரியவர்களுக்கான பாய்மரப் படகு வகுப்பில் நான்தான் முதலில் சேர்ந்தேன். இவர் துணைக்கு வந்தவர். இருவர் ஓட்டும் சின்னப் படகு அது. பின்னால் உட்கார்ந்து சுக்கானையும் பெரிய பாயின் கயிற்றையும் பிடிப்பது ஒருவர். முன்னால் உட்கார்ந்து சின்ன முன்பாயைப் பார்த்துக்கொண்டு, படகு சாயும்போது எதிர்ப்பக்கம் தன் எடையைத் தொங்கவிடுவது இன்னொருவர். எடை இவரிடம் தாராளமாக இருந்ததால் சுக்கான் என் கைக்கு வந்தது. அதில் இவருக்கு வருத்தமும் இல்லை. ஞாயிறு காலை தவறாமல் போவோம். என் வாழ்க்கையில் யாரும் குறுக்கே பேசாத இடம் அந்தப் படகின் பின்பக்கம்தான்.

போன வருடம் மழை முடிந்தபோது எனக்கு உடம்புக்கு வந்தது. இடது மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை, அதற்குப்பின் மருந்து, முடி கொட்டல், எல்லாம் முறைப்படி நடந்தன. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இஷ்டமில்லை. மாசி மாதம் மருத்துவர் பார்த்துவிட்டு, இனிமேல் கையைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டாம், வேலை வாங்குங்கள் என்றார். வீக்கம் வராமலிருக்க இடது கைக்கு மட்டும் இறுக்கமான ஒரு துணி உறை. படகு ஓட்டலாமா என்று கேட்டேன். ஓட்டுங்கள் என்றார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் காதால் கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே சொன்னேன். "இந்த ஞாயித்துக்கெழம போலாங்க."

"போலாம் போலாம். காத்து சரியா இருக்கணும்ல. பாத்துட்டுச் சொல்றேன்."

எங்கள் வீடு பேகம்பேட்டையில் ஏழாவது மாடி. அடுப்படி ஜன்னலில் நின்றால் ஏரியின் ஒரு துண்டும், வடகரைப் பூங்காவில் ஊரே அண்ணாந்து பார்க்கிற அந்தப் பிரம்மாண்டமான தேசியக் கொடியும் தெரியும். இவர் காலையிலும் மாலையிலும், லீவு நாளென்றால் பகல் முழுவதும், அந்த ஜன்னலில்தான் நின்றார். கல்லூரியில் படிக்கிற எங்கள் மகள், நாங்கள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறவள், "நான்னா ரோஜூ ஜெண்டானே சூஸ்துன்னாரு" என்று சிரித்தாள். அப்பா தினமும் கொடியையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். எனக்கோ அது ஆறுதலாக இருந்தது. எனக்காக நல்ல காற்றைத் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு ஞாயிறு போயிற்று. ஒருநாள் கொடி அழகாக விரிந்து பறந்ததை நானே பார்த்தேன். "மேலதான் அடிக்குது, தண்ணி மேல இருக்காது" என்றார். அதுவும் நடக்கிறதுதான், அதனால் நம்பினேன். இன்னொரு நாள் "காத்து சரியில்ல" என்று மட்டும் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மாதங்களில் கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. இளவேனில் மூன்று வாரத்தில் இரண்டு கரைந்துவிட்டது. இந்த முறை போகாவிட்டால் இனி எப்போதுமே போக மாட்டேன் என்று ஒரு பயம் என் மனதில் உட்கார்ந்துவிட்டது. நோயாளி என்கிற நாற்காலியில் என்னை உட்கார வைத்தாயிற்று, எழுந்திருக்க வேண்டுமானால் அந்தச் சுக்கான் என் கையில் வர வேண்டும் என்று தோன்றியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது ஞாயிறு காலை ஐந்தரைக்கு இவரே காப்பி போட்டு எழுப்பினார். "கெளம்பு. இன்னிக்கு சரியா இருக்கு."

ஆறரைக்குத் தண்ணீரில் இருந்தோம். கிளம்பும்போது ஒரு பெருமூச்சு அளவுக்குக் காற்று இருந்தது. அதை வைத்து ஏரியின் நடுவரைக்கும் வந்துவிட்டோம். கிழக்குக் கரையில் டேங்க் பண்டுக்குப் பின்னால் சூரியன் எழுந்தது. ஏரி நடுவே நிற்கும் புத்தர் சிலையின் பிம்பம் தண்ணீருக்குள் தலைகீழாக, துளியும் கலையாமல் நின்றது. எட்டு மணிக்குக் காற்று நின்றது. பாய் ஒருமுறை அசைந்து, துணிக்கொடியில் காயப்போட்ட சேலை மாதிரி தொங்கிவிட்டது.

அதன்பின் ஏரி முழுவதும் ஒரு கண்ணாடி. கரையில் போகிற பேருந்தின் ஹாரன், நடைப்பயிற்சிக்காரர் கையில் பாடுகிற போன், தூரத்து ரயில், எல்லாம் துணியில் சுற்றி அனுப்பியதுபோல் மெதுவாக வந்து சேர்ந்தன. ஆகாயத்தாமரைக் கொத்து ஒன்று எங்களைவிட வேகமாகக் கடந்து போனது. வெயில் ஏறியதும் ஏரியின் பழைய வாடை லேசாகக் கிளம்பியது. தண்ணீரில் கையை விட்டு அளைய ஆசையாக இருந்தது. ஹுசைன் சாகரில் கையை விடுகிறவர்கள் ஊருக்குப் புதியவர்கள். நான் பதினோரு வருடத்து ஆள். சுக்கானில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஆறு மாதமாகக் கட்டிலில் படுத்து நான் கண்ட கனவு இதுதான். கனவில் படகு ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பசித்தது. தண்ணீர் படாத பிளாஸ்டிக் டப்பாவில் இவர் கடலை மிட்டாய் எடுத்து வைத்திருந்தார். திறந்தால் அதன் அடியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டர் தாள்கள். வருடா வருடம் திருச்சியிலிருந்து வருகிற காலண்டர் அது, தினமும் இவர்தான் கிழிப்பார். முன்பக்கம் தேதி, ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் இவருடைய பொடிக் கையெழுத்து. ஆறு மணி, கொடி லேசாக. எட்டு மணி, தொங்கல். பத்து மணி, நன்றாகப் பறக்கிறது. கீழே ஒரு பெருக்கல் குறி. மூன்று வாரத்துத் தாள்களும் இருந்தன.

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. கொடி நன்றாகப் பறந்த நாள்களுக்கெல்லாம் பெருக்கல் குறி போட்டிருந்தார். சரி என்று குறித்தது மேலே இருந்த மூன்றே தாள்களில்தான். வியாழன், காலையும் மாலையும் தொங்கல். வெள்ளி, தொங்கல். சனி, தொங்கல். வரிசையாக மூன்று மாதிரி சரியாக வந்தால்தான் இவருடைய தொழிற்சாலையில் சரக்கை வெளியே விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்னை வெளியே விட்டிருக்கிறார்.

"என்னங்க இது?"

இவர் தாளைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

"காத்தே இல்லாத நாளாப் பாத்தா கூட்டிட்டு வந்தீங்க? அதுக்கு எதுக்குப் பாய்மரப் படகு? வீட்லயே தண்ணித் தொட்டியில உக்கார வெச்சிருக்கலாமே."

ஆறு மாதத்துக்கு அப்புறம் எனக்கு முழுசாகக் கோபம் வந்தது. வந்ததில் ஒரு சந்தோஷமும் இருந்தது. இவர் குனிந்த தலை நிமிராமல் பேசினார்.

"ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்திருந்தேன்ல. அங்க எனக்கு அளக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது, ஒரு நம்பர் சொல்ல மாட்டாங்க. இதையாவது அளந்து வெச்சிக்கலாம்னு பாத்தேன். நீ தண்ணியில விழுந்தா அந்தக் கைய வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவே?"

கோபம் பாதியில் நின்றது. இத்தனை மாதமும் என் பயத்தை மட்டுமே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருவர் அடுப்படி ஜன்னலில் நின்றுகொண்டு தினமும் காலையும் மாலையும் பயந்திருக்கிறார். அவர்மேல் பாசம் பொங்கியது. அதே சமயம், இந்தப் பாசத்தை இப்படியே விட்டால் என்னைக் கடைசிவரை கரையில் உட்கார வைத்துவிடும் என்றும் தெரிந்தது.

"ஏங்க, அந்தக் கொடி எவ்வளவு பெருசு, எவ்வளவு கனம். அது அசையலன்னா இங்க காத்து இல்லன்னு யாரு சொன்னா?"

இவர் பதில் சொல்வதற்குள் மோட்டார் சத்தம் கேட்டது. ஓடாமல் நிற்கும் படகுகளை இழுத்துக்கொண்டு போக வருகிற மீட்புப் படகு. அதை ஓட்டுகிறவர் எங்களுக்குப் பழக்கமானவர். கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, "ரஸ்ஸி டாலூங் க்யா மேடம்?" என்றார். கயிறு போடட்டுமா என்று கேட்கிறார். இவர் ஏற்கெனவே எழுந்து கையை நீட்டிவிட்டார்.

"நக்கோ பாய்," என்றேன். வேண்டாம் என்பதற்கு இந்த ஊரில் அதைவிடத் தீர்மானமான சொல் கிடையாது.

அவர் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஹவ் மேடம். கியாரா பஜே ஹவா ஆயிங்கா." சரி, பதினோரு மணிக்குக் காற்று வரும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர் நீட்டிய கையை மடக்கி உட்கார்ந்தார். கடலை மிட்டாயைப் பாதியாக உடைத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

பதினோரு மணிகூட ஆகவில்லை. நெக்லஸ் ரோடு பக்கம் தண்ணீரின் நிறம் மாறியது. ஆறுகிற பாலின் மேல் ஏடு சுருங்குவதுபோல் ஒரு சுருக்கம், அதன் பின்னால் கருநீலமாக ஒரு திட்டு, எங்களை நோக்கி வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இவர் கொடியைப் பார்த்தார். அது கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"கொடி அசையவே இல்லையே, இது எங்கேர்ந்து வருது?"

"இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

காற்று கன்னத்தில் பட்டது. பாய் டப்பென்று விரிந்தது. படகு சாய்ந்து நகர்ந்தது. சுக்கான் வலது கையில், பெரிய பாயின் கயிறு இடது கையில். எந்தக் கையைப் பற்றி ஊரெல்லாம் கவலைப்பட்டதோ அந்தக் கையை இப்போது கயிறு வெடுக்கென்று இழுத்தது. வலித்தது. ஆனால் அது ஆஸ்பத்திரி வலி இல்லை, வேலை செய்கிற கையின் வலி. கண்ணில் தண்ணீர் வந்தது, அதைத் துடைக்கக் கை இல்லை.

"கயித்த என்கிட்ட குடு," என்றார் இவர்.

"உங்க கயிறு முன்னாடி கெடக்கு."

அப்போதுதான் கவனித்தேன். முன்பாய் பிடிக்க ஆளில்லாமல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதனால் படகும் தட்டுத் தடுமாறி ஓடியது. இவருடைய ஒரு கை படகின் விளிம்பைப் பிடித்திருந்தது. இன்னொரு கை என் முதுகுக்குப் பின்னால், லைஃப் ஜாக்கெட்டின் பட்டியை முறுக்கிப் பிடித்திருந்தது. எப்போதிலிருந்து பிடித்திருக்கிறார் என்று தெரியாது.

"என்னைய விடுங்க," என்றேன். திட்டுவதுபோல் சொல்லவில்லை. "விட்டுட்டு முன்பாயப் பிடிங்க. நீங்க சாஞ்சு உக்காராட்டி நான் எப்படி ஓட்டறது?"

இரண்டு நொடி ஆயிற்று. பட்டி தளர்ந்தது. இவர் முன்பாயின் கயிற்றை எடுத்து இழுத்துப் பிடித்து, உடம்பு முழுவதையும் தண்ணீர்ப் பக்கம் சாய்த்தார். படகு நேராகி, அடியில் சலசலவென்று சத்தம் எழ, வடகரையை நோக்கி ஓடியது. கொடியைத் தாண்டிப் போகும்போது நான்தான் அண்ணாந்து பார்த்தேன். அது அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இவர் அதைப் பார்க்கவே இல்லை.

அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து நான்தான் எடுத்து வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. எழுத அன்று அவருக்குக் கை ஒழியவில்லை.