வெண்மை ஏறாத இடம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது நடந்தபடி சொல்கிறேன். நான் குடிப்பவன் அல்ல. அப்போது தூக்கக் கலக்கமும் இல்லை. பட்டப்பகல், மணி இரண்டு.

எனக்குக் காகித ஆலையில் வேலை. மாடியில் சோதனைக்கூடம், கீழே பல்ப்பர் என்கிற தொட்டி. இரண்டு ஆள் உயரம் இருக்கும். பழைய காகிதத்தைக் கட்டுக்கட்டாக உள்ளே தள்ளி, தண்ணீரும் காஸ்டிக் சோடாவும் விட்டால், அடியில் சுழலும் இரும்புத் தட்டு இருபதே நிமிடத்தில் எல்லாவற்றையும் கூழாக்கிவிடும். மை ஊறாமல் இருக்க ரோசினும் படிகாரமும் சேர்ப்போம். பளிச்சென்று வர ஒயிட்னர்.

அந்தத் தொட்டியில்தான் என் தங்கை கணவருக்கு வேலை. வாங்கிக் கொடுத்தவன் நான். "அவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்" என்று தங்கை சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

அன்று 1.40க்குத் தொட்டியை நிறுத்திக் காலி செய்தார்கள். கட்டுக் கம்பி சிக்கிக்கொண்டதாம். கடைசிக் கூழில் ஒரு வாளி என் மேஜைக்கு வந்தது.

2.05. ஒரு குவளை கூழைச் சல்லடையில் வடித்து, அழுத்தி, உலர்த்தினேன். தட்டு அளவுக்கு ஒரு தாள். விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கில் பிடித்தேன். ஒயிட்னர் ஏறிய காகிதம் அதில் நீலமாக ஒளிரும். ஒளிர்ந்தது. ஓரத்தில் மட்டும் ஐந்து கரும்புள்ளிகள்...

சரியாகக் கலக்கவில்லை போலிருக்கிறது. வாளியை நன்றாகக் கலக்கி இன்னொரு தாள் எடுத்தேன்.

2.14. அதே ஓரம். அதே ஐந்து. இப்போது புள்ளிகள் இல்லை.

விரல்கள்.

கலக்கிய கூழ் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத்தான் படியும். ஒரே இடத்தில் ஒரே உருவமாக வரவே வராது.

2.23. மூன்றாவது தாள். முழு உள்ளங்கை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ அழுத்துவதுபோல... ரேகை வரை தெரிந்தது.

வாளிக்குள் ஏதோ தட்டியது.

டொக்.

டொக்... டொக்.

ஏனென்று தெரியாது. மாப்பிள்ளை ஞாபகம் வந்தது. ஓடினேன்.

2.27. கீழே ஆபரேட்டர் அப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்திருந்தார். கனத்த கண்ணாடி போட்டவர். நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவர் விரல் பச்சைப் பொத்தான் மேல் இருந்தது.

"கையை எடுங்க."

"ஏம்ப்பா? கம்பி எடுத்திருப்பாங்க. டோக்கன் தொங்கலையே, உள்ள யாருமில்ல."

தொட்டிக்குள் இறங்குகிறவன் தன் டோக்கனை ஸ்விட்சில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். டோக்கன் தொங்கினால் பொத்தானைத் தொடக்கூடாது. அதுதான் சட்டம்.

பக்கத்தில் ஆணியில் ஒரு சட்டை. மாப்பிள்ளையுடையது. புழுக்கத்துக்குக் கழற்றி மாட்டியிருக்கிறார். பைக்குள் கைவிட்டேன்.

டோக்கன் இருந்தது.

எட்டிப் பார்த்தேன். இரும்புத் தட்டின் மேல் குந்தியபடி கம்பியை வெட்டிக்கொண்டிருந்தார். காதில் பஞ்சு. நிழல் பட்டு நிமிர்ந்தார்.

"என்ன மச்சான், மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? ஒயிட்னரக் குடிச்சிட்டீங்களா?"

ஆபரேட்டர் என் கையிலிருந்த டோக்கனைப் பிடுங்கி ஸ்விட்சில் மாட்டினார்.

மறுநாள் அவர்தான் சொன்னார். டோக்கன் சட்டம் வந்ததே ஒருத்தனால். பதினோரு வருடங்களுக்கு முன், இதே தொட்டிக்குள் கம்பி வெட்ட இறங்கியவன்.

"அந்தக் கூழ என்ன பண்ணாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவசர ஆர்டர். நிறம் தெரியாம இருக்க ஒயிட்னர மூணு மடங்கு ஊத்தி ஓட்டிட்டாங்க."

கிடங்கில் விசாரித்தேன். அந்தக் காகிதம் ஏதோ ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அங்கே யாரும் கட்டைப் பிரிக்கவே இல்லை. பரணிலேயே கிடந்ததை, போன வாரம் பழைய காகிதம் என்று எங்களுக்கே விற்றிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டிலும் எங்கள் ஆலை முத்திரை. அவன் இறங்கிய அந்தத் தேதி.

மாப்பிள்ளை இறங்கிய அன்று கடைசியாகத் தொட்டிக்குள் போனது அதில் முதல் கட்டு.

இன்னும் நாற்பது இருக்கிறது.