அண்ணியின் எடையில் பத்தில் ஒரு பங்கு

அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் பதினோரு வருடமாக லிஃப்ட் ஓட்டுகிறவளுக்கு நாற்பது வயதில் இயற்பியல் பைத்தியம் பிடித்தது. லிஃப்ட் மேலே கிளம்பினால் வயிறு கனப்பதும், கீழே கிளம்பினால் காலியாவதும் காலைச் சாப்பாட்டின் கோளாறு என்றே நினைத்திருந்தாள். மாலைக் கல்லூரியில் அதற்கு முடுக்கம் என்று பேர் சொன்னதும், இத்தனை நாளும் பாடத்துக்குள்ளேயே வேலை பார்த்திருக்கிறோமே என்று பூரித்துப்போனாள்.

அன்று ஆறு மணிக்குள் லிஃப்ட்டின் முடுக்கத்தை அளந்து தாளை நீட்ட வேண்டும். இல்லையென்றால் தேர்வில் உட்கார விடமாட்டார்கள். கிளம்பும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று என இரண்டு அளவு. எடை மெஷினில் தானே ஏறிப் பார்த்தாள். முள்ளைப் படிக்கக் குனிந்தால் முள்ளும் கூடவே துள்ளியது. விறைப்பாக நிற்க இன்னொரு உடம்பு வேண்டும். மெஷினுக்குச் சொந்தக்காரியான அண்ணியே அகப்பட்டாள். ஐந்தாம் மாடியில் தையல் கடை வைத்து ஊரார் அளவையெல்லாம் நோட்டில் எழுதுகிற அண்ணி, தன் எடையை மட்டும் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை.

“நிக்கிறேன். ஆனா தாள்ல என் எடை வரக் கூடாது.”

“வராது அண்ணி. எத்தனை பங்கு மாறுதுன்னு எழுதினாப் போதும்.”

எட்டாம் மாடியிலிருந்து இறங்கத் தொடங்கியதும் முள் சரிந்தது. “ஏழு கிலோ குறையுது அண்ணி.”

கேட்ட மாத்திரத்தில் அண்ணி மெஷினை விட்டு இறங்கிவிட்டாள். “போதும். இதுக்கு மேல நின்னா கெட்டுப்போயிடும்.”

இரண்டாம் அளவு போயே போயிற்று. கீழே வாசலில் ஏணி போட்டு பல்பு மாற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனிடம், “ஒரே எறக்கத்துல ஏழு கிலோ குறைஞ்சுட்டேன், அண்ணே” என்று அண்ணி அறிவித்தாள்.

மணி ஐந்தே முக்கால். கெஞ்சிக் கூத்தாடி அண்ணியை மறுபடி மேலே அழைத்துப்போனாள். கிளம்பும்போது ஏழு குறைந்தது. கீழே நிற்கும்போது அதே ஏழு கூடியது.

“எறங்கினாக் குறையுதாம், நின்னாக் கூடுதாம். அப்ப நிக்காம எறக்கிட்டே இரேன்.”

“கீழ தரை இருக்கு அண்ணி.”

வெளியே வந்து வாசல் சுவரில் தாளை வைத்து எழுதினாள்: ‘மாற்றம், எடையில் பத்தில் ஒரு பங்கு.’ ஏணியிலிருந்தபடியே எட்டிப் படித்த எலக்ட்ரீஷியன் விரல்விட்டு எண்ணினார். “ஏழு கிலோ பத்துல ஒரு பங்குன்னா, மொத்தம் எழு…”

அண்ணி கண் இமைக்கவில்லை. “அதுல லிஃப்ட்டோட எடையும் சேர்ந்திருக்கு.”

திருத்தம் லிஃப்ட்காரியின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அடுத்த வாரச் செய்முறைக்கும் மெஷின் வேண்டும்.

“ஆமாண்ணே, கொஞ்சம் சேர்ந்திருக்கு” என்றவள், இயற்பியலிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டபடி எதிர்த் தெருக் கல்லூரிக்கு ஓடினாள்.