வெறுப்பதற்கு ஒரு வாக்கியம்

வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போக ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. அதற்கு நான் படித்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரும் நானும் திற்பரப்புக்குப் போனோம். அருவிக்குக் கொஞ்சம் தள்ளி, பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டிருந்தோம். சாரல் வந்து கண்ணிமையில் ஒட்டியது.

அவர் போனில் இருந்த ஆங்கில வார்த்தைப் பட்டியலைப் பார்த்துக் கேட்டார். "லோத். அடியோட வெறுக்கதுன்னு அர்த்தம். ஒரு வாக்கியம் சொல்லு பாப்போம்."

"ஐ லோத் பாவக்காய்."

"நேத்து ரெண்டாமதும் போட்டுத் தின்னியேட்டி! மனசுல உள்ளதச் சொன்னாத்தான் வார்த்தை மறக்காது."

கண்ணை மூடி யோசித்தேன். ஆஸ்பத்திரியில் என்மேல் எரிந்து விழும் டாக்டரை நினைத்தேன். அவர் முகம்கூடச் சரியாக வரவில்லை. கரப்பான்பூச்சியை நினைத்தேன். அதுவும் எங்கோ தூரத்தில், யாரையும் தொந்தரவு செய்யாமல் ஊர்ந்து போயிற்று. அருவிச் சத்தம் தலைக்குள் இருந்ததையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தது. தூக்கம் போல இருந்தது, ஆனால் தூக்கமில்லை.

கடைசியில் மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னேன்: இன்றைக்கு எதையும் என்னால் லோத் பண்ண முடியவில்லை.

அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"தப்பு ஒண்ணும் இல்ல கேட்டியா, சரியாத்தான் இருக்கு" என்றார். பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "வா, குளிப்போம்" என்று கையை நீட்டினார்.