மழை பெய்தால் அலைக்குளம்

எனக்கு எழுபத்துமூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாமவன் என் அக்காள் மகன். நான் பெறாத பிள்ளை என்பது அவனுக்கே பாதி நாள் மறந்துபோகும். ஐந்து பேரையும் ரப்பர் மரத்தில் பால் வெட்டித்தான் ஆளாக்கினேன், யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. பைபிளில் பெரிய எழுத்தென்றால் விரல் வைத்து வாசிப்பேன். எழுதத் தெரிந்தது என் பெயர் மட்டும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் கடைசி மகனின் மகள் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக மாற்றித்தான் எழுதுவாளாம். மாற்றட்டும். ஆனால் ஆட்கள் பேசியதைப் பேசியபடியே, இங்கே என்பதை 'இஞ்ச' என்றும் அங்கே என்பதை 'அஞ்ச' என்றும், எழுத வேண்டும் என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன்.

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. எங்கள் வீடு குலசேகரத்திலிருந்து மலைப்பக்கமாக உள்ளே. மூன்று பஸ் மாற வேண்டும். அந்தப் பூங்கா என்றால் எனக்கு உயிர். இந்த வயதில் இது என்ன ஆசை என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். என் கடைசி மகன் மஸ்கட்டில் வேலை செய்கிறான். இங்குள்ள தோட்டத்தையும் வீட்டையும் விற்றுவிட்டு, அந்தப் பூங்காவின் பக்கத்திலேயே எனக்கு வீடு வாங்கித் தருகிறேன் என்று ஒரு நாள் சொன்னான். போவதா, இருப்பதா என்று நான் கிடந்து தவித்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

பூங்காவை முதன்முதலில் பார்த்தது சபைப் பெண்களோடு போன சுற்றுலாவில். கடல் ஏறி வந்து கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போய் ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பஸ் நிறையப் பெண்கள் போனோம், ஒருத்திகூடக் கடலில் கால் நனைக்கவில்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். அப்போதுதான் டிரைவர், புதிதாக ஒரு பார்க் திறந்திருக்கிறார்கள், பார்த்துவிட்டுப் போகலாமே என்றார்.

உள்ளே போனால், பருத்தித் துணியோடு குளத்தில் இறங்கக் கூடாது, நைலான்தான் உடுத்தியிருக்க வேண்டும் என்று காவலாளி சொல்லிவிட்டான். எல்லோரும் நல்ல பருத்திச் சேலையில் வந்திருந்தார்கள். நான் மட்டும் என் கல்யாணக் காலத்து நைலக்ஸ் சேலை. பஸ்ஸில் கசங்காது என்பதற்காக வெளியூர்ப் பயணத்துக்கு அதைத்தான் உடுத்துவேன். காலையில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் கரையில் பை காத்துக்கொண்டு இருந்தார்கள். நான் இறங்கினேன்.

"ஏட்டி, முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கப் போறியா? அய்யர்ட்ட சொல்லட்டா?" என்று ஒருத்தி கத்தினாள். அய்யர் என்றால் எங்கள் சபைப் போதகர்.

"சொல்லு. ஒங்க எல்லாருக்கும் சேத்து நானே எடுத்துட்டு வாறேன்."

அது அலைக்குளம். முதலில் தண்ணீர் சும்மா கிடந்தது. பிறகு ஒரு சங்கு ஊதியது. சுவருக்குள்ளிருந்து அலை எழும்பி வந்து என்னை முழங்காலில் தட்டியது, இடுப்பில் தட்டியது, கடைசியில் உட்கார வைத்தே விட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. மறுபடியும் சங்கு ஊதியதும் அலை அடங்கிவிட்டது. நில் என்றால் நிற்கிற அலையை அன்றுதான் பார்த்தேன். என் மகள் ஒருத்தியைக் கன்னியாகுமரிப் பக்கம்தான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். கடல் ஏறி வந்த அன்று அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் பொழுது சாயும்வரை வாசலில் நின்றவள் நான். அந்தக் குளத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்த நாள் என் உடம்பை விட்டு இறங்கிப் போனதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கும் இதை எழுதுகிற பேத்திக்கும் அது வழக்கமாகிவிட்டது. இவள் அம்மா, என் மருமகளும் வருவாள். நினைத்த நாளில் போக முடியாது. பால் வெட்டுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை தவிர லீவு என்று தருவது மழை மட்டும்தான். மரம் நனைந்திருந்தால் பால் சிரட்டையில் விழாமல் பட்டை வழியாகப் பரந்து ஒழுகிவிடும். அதனால் மழை என்றால் வெட்டு இல்லை. விடியுமுன் விழித்ததும் கூரையில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்போம். கேட்டால், வெட்டுக்கத்தி மூலைக்குப் போகும், நைலக்ஸ் சேலை கொடிக்கு வரும். மழை பலத்தால் கலெக்டர் பள்ளிக்கூடத்துக்கும் லீவு விட்டுவிடுவார். பேத்தி துள்ளுவாள்.

மழையில் யாராவது தண்ணீரில் விளையாடப் போவார்களா என்று அயல்வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஜில்லாவை அறியாதவர்கள் கேட்கிற கேள்வி அது. எங்கள் மலையில் கொட்டுகிற மழை தக்கலையைத் தாண்டும்போது தூறலாகிவிடும். நாகர்கோவிலில் வானம் வெளுக்கும். கன்னியாகுமரியில் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஈரக் குடையோடு நாங்கள் டிக்கெட் எடுக்க நின்றால், "எங்கேருந்து வாறீங்க பாட்டி?" என்பான் அங்குள்ள பையன். "மழையிலேருந்து மக்கா" என்பேன்.

டிக்கெட்டுக்குக் காசு ஒட்டுப்பாலில் இருந்து. சிரட்டையில் காய்ந்து ஒட்டியிருப்பதைப் பிய்த்துத் தனியாக விற்பேன், அந்தக் காசைத் தகர டப்பாவில் போட்டு வைப்பேன். டப்பா நிறையவும் மழை பெய்யவும் ஒத்துவர வேண்டும். சில வருடம் ஒரு தடவைதான் ஒத்துவரும். மரத்தைச் சுற்றிப் பாவாடைபோல பிளாஸ்டிக் கட்டினால் மழையிலும் வெட்டலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கட்டவில்லை. மரத்துக்கு மூச்சு முட்டும் என்று சொல்லிக்கொண்டேன். "மரத்துக்கா மாமி மூச்சு முட்டும்?" என்று மருமகள் மட்டும் சிரிப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் மகன் போனில் அந்தப் பேச்சை எடுத்தான்.

"எம்மா, மூணு பஸ் ஏறி எறங்கி எதுக்குக் கஷ்டப்படுக? பார்க்குக்கு அடுத்தாப்பல ஒரு வீடு வெலைக்கு வருது. அக்காவும் பக்கத்துல இருக்கா. நெனச்சா போலாம். அஞ்ச உள்ள தோட்டத்த வித்துட்டு போயிருவோம்."

"அப்போ வெட்டு?"

"இந்த வயசுலயும் கத்திய தூக்கிட்டு மரம் மரமா ஓடணுமா? நான் சம்பாதிக்கது எதுக்கு?"

எனக்கு ஆசை வராமல் இல்லை. வாசலைத் திறந்தால் அலைக்குளம். சங்குச் சத்தம் கேட்டு எழுந்திருக்கலாம். தோட்டத்துக்கு ஆளும் வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரரே எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் நான் நட்ட மரங்கள் அவை. என் ஐந்து பிள்ளைகளும் அந்தப் பாலில் நின்றவர்கள். மருமகளைக் கேட்டால், "நீங்க எஞ்சயோ அஞ்ச நானும் மாமி" என்று நழுவிவிட்டாள். மகன்தான் வழி சொன்னான். லீவில் வந்ததும் பத்திரம் முடிக்கலாம், அதற்கு முன் அக்கா வீட்டில் போய் ஒரு மாதம் இருந்து பார் என்றான். வெட்டை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன்.

மகள் வீட்டு மாடியில் நின்றால் பூங்காவின் ராட்டினம் முழுதாகத் தெரியும். முதல் நாள் மாடியை விட்டு நான் இறங்கவில்லை. மகளும் மருமகனும் பூங்கா போகிற ரோட்டில் கடை வைத்திருந்தார்கள். தொப்பி, துண்டு, குளத்தில் இறங்குவதற்கான நைலான் சட்டை, நிக்கர். காலையிலிருந்து பொழுது அடையும்வரை வியாபாரம்.

"நீ கடைசியா எப்பட்டி உள்ள போன?" என்று மகளைக் கேட்டேன்.

"எஞ்ச? பார்க்குக்கா? நான் போனதே இல்லயே."

"ஊரெல்லாம் ஒண்ட்ட நைலான் வாங்கிட்டுப் போகுது. நீ போனதே இல்லயா?"

"இஞ்சதானே எம்மா இருக்கு. எப்ப வேணும்னாலும் போலாம்லா."

கடை மூடுகிற நாளில் பூங்காவும் மூடல். பூங்கா திறக்கிற நாளில் கடையும் திறப்பு. அவளுக்கு அந்த 'எப்போது வேண்டுமானாலும்' வரவே இல்லை.

அவளை நான் கேலி செய்தேன். ஆனால் எனக்கும் அதேதான் நடந்தது. தினமும் விடியுமுன் விழிப்பேன். கூரைக்குக் காது கொடுப்பேன். சத்தம் இருக்காது. அப்போது உடம்பு, இன்று வேலை நாள் என்று சொல்லிவிடும். எழுந்து முற்றம் பெருக்குவேன், பாத்திரம் கழுவுவேன், மகள் கடைக்குத் துண்டு மடித்துக் கொடுப்பேன். சங்கு ஊதும், பிள்ளைகள் கூவுகிற கூச்சல் கேட்கும். நாளை போகலாம் என்று இருந்துவிடுவேன். ஒரு நாள் வாசல்வரை நடந்து போனேன். டிக்கெட் எடுக்கக் கை போகவில்லை. வேலை நாளில் பள்ளிக்கு மட்டம் போடுகிற பிள்ளைபோல ஒரு கூச்சம். திரும்பி வந்தேன்.

"என்னம்மா, வந்து இத்தன நாளாச்சு, ஒரு தடவகூட போகல?" என்று மகள் கேட்டாள்.

"மழ பெய்யட்டும்."

"மழயா? இஞ்சயா? நல்லா காத்திரு!" அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒரு நாள் காலை போன் வந்தது. பேத்தி.

"பாட்டி, இஞ்ச ராத்திரியிலேருந்து கொட்டுது. வெட்டு இல்ல, ஸ்கூலும் இல்ல. நானும் அம்மாவும் பஸ் ஏறியாச்சு!"

பின்னால் பஸ் கூரையில் மழை விழுகிற சத்தம் போனில் கேட்டது. அவ்வளவுதான். வெயிலில் நின்ற எனக்கு லீவு கிடைத்துவிட்டது. உள்ளே ஓடி நைலக்ஸ் சேலையை எடுத்தேன். கடைக்குப் போய் மகளிடம் ஒரு நைலான் சட்டையை நீட்டினேன்.

"இது யாருக்கு?"

"ஒனக்குத்தான். வா."

"கடைய யாரு பாக்க?"

"ஒனக்கு மாப்பிள இருக்காருல்லா, பாக்கட்டும். அம்ம வீட்டுல இன்னைக்கு மழ. மழண்ணா லீவு. மறந்துட்டியாட்டி?"

அவள் சட்டையைக் கையில் வாங்கிக்கொண்டாள். அவளும் சின்ன வயதில் மழைச் சத்தம் கேட்டுப் போர்வையை இழுத்து மூடித் தூங்கியவள்தானே. மருமகன் சிரித்துக்கொண்டே, "போயிட்டு வா பிள்ளே, நான் இருக்கேன்" என்றார்.

பேத்தியும் மருமகளும் ஈரக் குடையோடு வந்து இறங்கினார்கள். குடையை உதறியபோது எங்கள் மலை மழை நாலு சொட்டு என் கையில் விழுந்தது. நாங்கள் நான்கு பேரும் அலைக்குளத்தில் கைகோத்து நின்றோம். சங்கு ஊதியதும் மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடல் ஏறி வந்ததைக் கண்ணெதிரே பார்த்தவள் அவள். "எம்மா, வருது!" என்றாள். "வரட்டும். இது நிக்கும்" என்றேன். நின்றது. இரண்டாவது அலைக்கு என் தோளை விட்டுவிட்டாள். நான்காவதுக்கு எங்களை எல்லாம் விட்டு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

அன்று சாயங்காலமே என் பையைக் கட்டிக்கொண்டு மருமகளோடு மலைக்கு பஸ் ஏறிவிட்டேன். மகனிடம் போனில் சொன்னேன்.

"தோட்டத்த விக்காண்டாம்."

"ஒனக்கு அந்த பார்க்குண்ணா உயிருல்லா எம்மா?"

"ஆமா. இஞ்ச இருந்தாத்தாம்ல எனக்கு அஞ்ச போக முடியும்."

"நீ ஒரு தினுசும்மா" என்றான். அந்த லீவுக்கு வந்தபோது பத்திரம் எதுவும் முடிக்கவில்லை. ஒரு மழை நாளில் அவனும் எங்களோடு வந்து அலைக்குளத்தில் தொப்பையோடு உருண்டான்.

இப்போதும் பாதி மரம் நான்தான் வெட்டுகிறேன், மீதி மருமகள். பிளாஸ்டிக் இன்னும் கட்டவில்லை. கூரையில் சத்தம் கேட்டால் முதலில் மகளுக்குத்தான் போன். "எம்மா, அஞ்ச மழயா?" என்று அவளே முந்திக்கொள்வாள். வெயில் காய்கிற கடற்கரையில் அவள் தன் நைலானை எடுத்து மடித்து வைப்பாள். மலையில் பெய்கிற மழை அவளுக்கும் லீவு கொடுக்கிறது.

போதும் மக்கா. கூரையில ஏதோ சத்தம் கேக்க மாதிரி இருக்கு. மழ பலக்கதுக்கு முன்ன, எழுதினத முதல்லேருந்து ஒருக்கா வாசி, கேக்கட்டும்.