நீலம் போட்ட திரை

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறார். நான் ராஜபாளையத்துக்கு வெளியே பேண்டேஜ் துணி செய்கிற யூனிட்டில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு நின்றுவிட்டது. படித்தவர்கள் எதிரே வந்தால் எனக்குப் பேச்சு வராது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். டீச்சர் குடிவந்த புதிதில் அவரிடமும் அப்படித்தான் இருந்தேன். அவராக ஒரு நாள் வாசலில் வந்து நின்று, “அக்கா, உங்க யூனிட்ல எனக்கு ஒரு வெள்ளைத் துணி கிடைக்குமா?” என்று கேட்டார்.

மொட்டை மாடியில் அவர் ஒரு கேமரா வைத்திருந்தார். தகரக் கூரையைத் தள்ளிவிட்டால் வானம் தெரிகிற மாதிரி அதற்கு ஒரு சின்ன அறை. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் சிலர் சேர்ந்து, ஒரே மாதிரி கேமராவால் வானத்தில் ஒரே இடத்தைப் படம் எடுக்கிறார்களாம். நம் பால்வெளியின் நட்சத்திரங்களுக்குப் பெரிய தொலைநோக்கிகளை வைத்துப் போட்ட பட்டியல் ஒன்று உண்டு. அதில் உள்ள வெளிச்சமும் நிறமும் சரிதானா என்று இவர்கள் தனியாக அளந்து பார்க்கிறார்கள்.

“அதுக்குத் துணி எதுக்கு டீச்சர்?” என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

“கேமரா கண்ணுலயும் குறை இருக்கும்க்கா. ஓரத்துல மங்கலாப் பாக்கும். ஒரே சீரான வெள்ளையைக் காட்டிப் படம் எடுத்தா, எந்த இடத்துல எம்புட்டு மங்கல்னு தெரிஞ்சுரும். அதை வச்சு நட்சத்திரப் படத்தைத் திருத்திக்கலாம். துணியை அப்படியே கொண்டு வாங்க. தண்ணியில கூட போட வேண்டாம்.”

முதலாளியம்மாவிடம் சொல்லி ஒரு துண்டு வாங்கி வந்தேன். யூனிட்டில் பார்க்கும்போது அது வெள்ளைதான். வீட்டில் என் வெள்ளைச் சேலைக்குப் பக்கத்தில் விரித்தபோது பழுப்படித்துத் தெரிந்தது. புண்ணில் கட்டுகிற துணிக்கு நீலம் போட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நாங்கள் வெள்ளை உடுத்திப் போகிறவர்கள். என் வீட்டுக்காரர் சட்டையின் வெள்ளையைப் பற்றி ஆலயத்தில் பேச்சே உண்டு. இதைப் போய் ஒரு காலேஜ் டீச்சர் கையில் கொடுப்பதா?

வாளியில் நீலம் கலக்கி முக்கி எடுத்தேன். வேலைக்குப் போகும் அவசரத்தில் நீலம் சரியாகக் கரையவில்லை. துணியின் ஒரு பக்கத்தில் லேசாகத் திட்டு விழுந்தது. இஸ்திரி போட்டதும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

“ஏட்டி, நட்சத்திரத்துக்கே சட்டை தைக்கப் போறியா?” என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

டீச்சர் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். “என்னா வெள்ளைக்கா!” என்றார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்குப் பிறகு விளக்கு வைக்கிற நேரத்தில் நானும் மாடிக்குப் போய், அவர் திரையைப் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மழை விட்டு வானம் தெளிந்த அந்த மாதத்தில் ஒரு மாலை டீச்சர் முகம் வாடி இருந்தது. படத்தின் ஒரு மூலையில் இருக்கிற நட்சத்திரங்கள் எல்லாமே இருக்க வேண்டியதைவிடச் சிவப்பாக வருகின்றனவாம். அளவை அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது. மற்ற ஊர்க்காரர்களுக்கு வரும் அளவோடு இவருடையது ஒத்துப்போகவில்லை. இது சரியாகாவிட்டால் இவருடைய படங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

“துணியைத் துவைச்சீங்களாக்கா?”

“இல்ல டீச்சர்.”

யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் சொல்லியும் கேட்காமல் செய்ததை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். அவர் என்னை நம்பினார். மறு கேள்வி கேட்கவில்லை.

அப்படியென்றால் கோளாறு லென்ஸில்தான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, சனிக்கிழமை மதுரைக்குக் கொண்டுபோவதாகச் சொன்னார். நல்லாயிருக்கிற லென்ஸைப் பிரித்துப் போட்டுவிடுவார்களே என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை உடம்பு சரியில்லை என்று வேலைக்குப் போகாமல் இருந்து, அவர் கல்லூரிக்குப் போனதும் மாடிக்குப் போய்த் துணியை அவிழ்த்தேன். பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்துக் கசக்கி, நீலம் போகும்வரை அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு மறுபடி கட்டினேன். இனி எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் டீச்சர் மாடியிலிருந்து கூப்பிட்டார். போனேன். அவர் திரைக்கு அருகே குனிந்து முகர்ந்துகொண்டிருந்தார்.

“லென்ஸைத் தொடவே இல்ல. இப்போ திரையைப் படம் எடுத்துப் பாத்தேன், மூலை தானா சரியாயிருக்கு. துணியில பிளீச்சிங் வாசம் வருது.”

சொன்னேன். நீலத்தையும் சொன்னேன், திட்டையும் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

டீச்சர் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “நீலம் பட்ட இடத்துல துணி சிவப்பை முழுங்கியிருக்கு. அந்த மூலையில தனக்குச் சிவப்பு சரியாத் தெரியலைன்னு கேமரா சொல்லுது. நானும் நம்பி அங்க சிவப்பைக் கூட்டியிருக்கேன்.”

“இப்போ போயிருச்சுல்ல டீச்சர்?”

“அதாங்க்கா. திட்டு இருந்திருந்தா அதை அளந்து கழிச்சிருப்பேன். இத்தனை நாள் எடுத்தது எல்லாத்தையும் திருத்தியிருக்கலாம். தூசி, பனின்னு கேமரா கண்ணோட குறை நாளுக்கு நாள் மாறும், இன்னைக்கு எடுத்ததை வச்சுப் பழசைத் திருத்த முடியாது. இப்போ எதை அளக்க?”

“அந்தப் பெரிய பட்டியலை வச்சுத் திருத்த முடியாதா?”

“அந்தப் பட்டியல் சரியான்னு பாக்கத்தானே இதை எடுத்தேன்.”

நீலம் போட்டது அறியாமல் செய்தது. அதைக்கூட மன்னித்துக்கொள்ளலாம். என் மானத்தைக் காப்பாற்ற நான் கசக்கி அலசியதுதான் அவருடைய ஒரு மாத உழைப்பைக் கொண்டுபோனது. அவர் என்னைத் திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவர் திட்டவில்லை.

போனை எடுத்து, படம் எடுக்கிற அந்தக் குழுவை நடத்துகிறவரிடம் பேசினார். நான் போகவா இருக்கவா என்று தெரியாமல் கதவோரம் நின்றேன். பேச்செல்லாம் இங்கிலீஷில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பக்கம் இருந்தவர் ஏதோ கேட்டார் போல. டீச்சர் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “மை மிஸ்டேக்” என்றார். மறுபடியும் அதையே சொன்னார்.

அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கு வரும். இல்லை, நான்தான் செய்தேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். தமிழில் சொன்னால்கூட அந்தப் பக்கம் கேட்டிருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.